திரியானாவின் பலகைத் தரை

கீழேயிருந்து யாரோ கயிற்றை இழுத்தார்கள். மூன்றாம் மாடிவரை ஏறி வந்து கதவைத் தட்ட யாங்கோனில் யாருக்கும் பொறுமை கிடையாது. பசுந்தாங் பேட்டையின் பழைய வீடுகளில் பால்கனியிலிருந்து தெருவரை ஒரு கயிறு தொங்கும், மேல்நுனியில் ஒரு மணி இருக்கும். மணி அடித்தால் எட்டிப் பார்த்துச் சாவியைக் கூடையில் வைத்து இறக்குவார்கள். சைதா குளித்துக்கொண்டிருந்தாள். மணி அடித்தது, நின்றது, மறுபடி நெடுநேரம் அடித்தது. ஈரத்தலையோடு அவள் ஓடி வந்தபோது கணவர் கமால் மணிக்கு நேர்கீழே பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். மணி அவர் தலைக்கு மேல் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. கீழே யாருமில்லை.

"யாரு வந்தா மச்சான்?"

அவர் திரும்பி அவள் வாயைப் பார்த்தார். ஏதோ கேட்கிறாள் என்று மட்டும் புரிந்தது. "ஆமா, மழை வரும்போலத்தான் இருக்கு" என்றார்.

கமாலுக்குக் காது ஒரே நாளில் போய்விடவில்லை. ஓடைக்கரையில் அவருக்கு ஒரு லேத் பட்டறை இருந்தது. படகு இஞ்சின்களுக்குத் தண்டு கடைந்து கொடுப்பார். அந்த இரும்புச் சத்தம்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது என்றார் டாக்டர். காதுக்குள் வைக்கும் மிஷின் வாங்கினார்கள். அதை வைத்தால் ஊரே தகரத்தைத் தரையில் இழுத்துப்போவது போல இருக்கிறது என்று ஒரே வாரத்தில் அலமாரிக்குள் போட்டுவிட்டார். பட்டறையை ஆட்களிடம் விட்டுவிட்டு வீட்டோடு தங்கினார். முதலில் சைதா கத்திப் பேசினாள். வீட்டு விஷயமெல்லாம் கீழ்மாடிக்கும் எதிர்வீட்டுக்கும் போய்விடுகிறது என்று தோன்றியபிறகு கையால் பேசினாள். கையால் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். சாப்பாடு, மாத்திரை, தொழுகைக்கு நேரமாச்சு. மீன்காரியின் மகள் யாரோடோ போய்விட்டுத் திரும்பி வந்ததையும், வந்தவளை அவள் அம்மா ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் சோறு போட்டு உட்காரவைத்ததையும் கையால் எப்படிச் சொல்வது? அப்படியான கதைகள் அவளிடம் சேர்ந்துகொண்டே போயின. சில சமயம் சோற்றுப் பானையைக் கிளறிக்கொண்டே தனக்குத்தானே சொல்லிப் பார்ப்பாள். பாதியில் நிறுத்திவிடுவாள்.

மகள் ஹுஸ்னா ஸ்பெயினில் இருந்தாள். மருமகன் சர்ஃபராஸுக்கு செவில் நகரத்தில் ஒரு சோலார் கம்பெனியில் வேலை. வாங்க வாங்க என்று இரண்டு வருஷமாகக் கூப்பிட்டாள். பாங்காக் போய், விசாவுக்குக் காத்திருந்து, ஒருவழியாக மே மாதம் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருந்தது. பொழுது சாயவே மாட்டேன் என்கிற ஊரில் என்ன செய்வதென்று தெரியாமல் இருவரும் மகள் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்கள். ஹுஸ்னாவும் சர்ஃபராஸும் பர்மியத்தில்தான் பேசிக்கொண்டார்கள். பெற்றவர்களுக்காகத் தமிழுக்கு மாறும்போது ஹுஸ்னா ஒவ்வொரு சொல்லையும் தேடி எடுத்து வைப்பாள்.

"ஃப்ளமெங்கோ பாக்கப் போலாம் வாப்பா" என்று ஒருநாள் போனில் ஓர் ஆட்டக்காரியின் படத்தைக் காட்டினாள்.

"செவிடனுக்கு எதுக்கும்மா பாட்டும் ஆட்டமும்? உம்மாவைக் கூட்டிட்டுப் போ."

"யபாதே வாப்பா, சும்மா வந்து உக்காருங்க." பரவாயில்லை என்பதற்கு அவளுக்கு அந்தப் பர்மியச் சொல்தான் வாயில் வரும்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் திரியானா என்ற பழைய பேட்டை. பீங்கான் ஓடு விற்கும் ஒரு கடைக்குப் பின்னால் அந்த அறை இருந்தது. முப்பது நாற்காலி இருந்தால் அதிகம். மேடை என்று தனியாக உயர்த்திக் கட்டியிருக்கவில்லை. அறையின் பலகைத் தரை அப்படியே நீண்டு சுவர்வரை போனது, அந்தக் கோடியில் மூன்று நாற்காலிகள். மைக் இல்லை. போட்டோ எடுக்கக்கூடாது, நடுவில் பேசக்கூடாது என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். அவர்களுக்கு முதல் வரிசை கிடைத்தது. எட்டிக் கைநீட்டினால் ஆடுகிறவளின் பாவாடைக் கொசுவத்தைத் தொட்டுவிடலாம்.

முதலில் கிட்டார். பிறகு பருத்த உடம்புக்காரி ஒருத்தி நாற்காலி நுனியில் உட்கார்ந்தபடியே பாடினாள். பாட்டு என்று சைதாவால் நினைக்க முடியவில்லை. எதையோ கேட்டுக் கேட்டு, இல்லையென்று சொல்லப்பட்டு, மறுபடியும் கேட்கிற குரலாக இருந்தது. ஒரு சொல்லும் விளங்காவிட்டாலும் அவள் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள். கமால் கூரையில் இருந்த மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுமையாக இருக்கும் முகம்.

ஆட்டக்காரி எழுந்தாள். இளம்பெண் இல்லை, நாற்பதைத் தாண்டியிருப்பாள். கொஞ்சநேரம் கையை மட்டும் அசைத்தாள். பிறகு குதிகாலைத் தரையில் வைத்தாள்.

கமாலின் முதுகு நிமிர்ந்தது. மின்விசிறியிலிருந்து பார்வை இறங்கியது. குதிகால் மறுபடி விழுந்தது, பிறகு அடுத்தடுத்து, மழை பிடித்துக்கொள்வதைப் போல. அவர் குனிந்து செருப்பைக் கழற்றினார், காலுறையையும் கழற்றினார். இரண்டு வெறுங்கால்களையும் பலகையில் அழுத்தி, நாற்காலியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஆட்டக்காரி வேகம் கூட்டி உச்சிக்குப் போய்ச் சட்டென நின்றாள். அறையே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த அந்த நொடியில், தன் குரல் எவ்வளவு உரக்கப் போகிறது என்று தெரியாத மனிதர் கத்தினார்.

"சைதா! கேக்குது! எனக்குக் கேக்குது!"

எல்லாத் தலைகளும் திரும்பின. "வாப்பா, ஷ்ஷ்" என்று ஹுஸ்னா அவர் தோளைப் பிடித்து அழுத்தினாள். முகம் சிவந்துவிட்டது அவளுக்கு. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பாட்டுக்காரி மட்டும் அதையும் ஆட்டத்தில் சேர்ந்த ஒரு குரலாக எடுத்துக்கொண்டு, பலே என்பது போல "ஓலே" என்றாள். ஆட்டம் தொடர்ந்தது. கமால் அழுதுகொண்டிருந்தார். கன்னத்தைத் துடைக்கக்கூட நாற்காலியிலிருந்து கையை எடுக்கவில்லை.

சைதாவுக்கு அப்போது சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது வேறு. தொண்டை வறளக் கத்தியிருக்கிறாள், கும்பிடாத குறையாக முகத்துக்கு நேரே போய் நின்றிருக்கிறாள். அப்போதெல்லாம் திறக்காத கதவு, யாரென்றே தெரியாத ஒருத்தி காலால் உதைத்ததும் திறந்துகொண்டது. இப்படி நினைக்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு கடைசிவரை உட்கார்ந்திருந்தாள்.

அதற்குப் பிறகு கமாலை வீட்டில் பிடித்துவைக்க முடியவில்லை. வெயில் தணிந்ததும் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். இனி வாப்பாவை அங்கே கூட்டிப்போக முடியாது என்று ஹுஸ்னா சொல்லிவிட்டாள். அவரே தேடிக்கொண்டார். சந்துக்குள் ஒரு முற்றம், தேவாலயத்துக்குப் பின்னால் ஒரு நிலவறை, உள்ளூர்க்காரர்கள் கூடும் சின்னச் சின்ன மன்றங்கள். எப்படிக் கண்டுபிடித்தார், வாசலில் என்ன சொல்லி உள்ளே போனார் என்று யாருக்கும் தெரியாது. திரும்பி வரும்போது முகம் கழுவிவிட்டது போலத் தெளிவாக இருக்கும். சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிடுவார். சைதாவை வா என்று ஒருநாளும் கூப்பிடவில்லை.

"பின்னாடி பஸ் வந்தாக்கூடத் தெரியாது உம்மா அவருக்கு. நீங்க சொல்லக்கூடாதா?" என்றாள் ஹுஸ்னா.

"நான் சொல்லி எதைக் கேட்டிருக்கார்?" என்று சைதா சொன்னாள். சொன்னபிறகுதான் அந்த வாக்கியத்தின் முழு அர்த்தமும் அவளுக்கே உறைத்தது.

ஊருக்குத் திரும்பச் சில நாட்களே இருந்தபோது அவள் அவர் பின்னாலேயே போனாள். ஒளிந்து போக வேண்டிய அவசியமே இல்லை, செருப்புச் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்க்கிற ஆள் இல்லை அவர். பாலம் தாண்டி, இரண்டு சந்து திரும்பி, ஒரு மன்றத்துக்குள் போனார். திறந்த வாசல் வழியாக அவளுக்கு உள்ளே தெரிந்தது. நீண்ட மரக் கவுண்டர், அதைச் சுற்றி ஏழெட்டு வயசாளிகள். ஒருவர் நின்றபடியே பாடினார். கிட்டார்கூட இல்லை. மற்றவர்கள் விரல் முட்டிகளால் கவுண்டரைத் தட்டித் தாளம் போட்டார்கள். அவர்கள் நடுவில் கமால், முன்னால் ஆரஞ்சுச் சாறு, இரண்டு உள்ளங்கைகளும் கவுண்டர்மேல் விரித்தபடி. பக்கத்து ஆள் ஏதோ சொல்லி அவர் முதுகில் தட்டினார். கமால் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எவ்வளவு காலமாயிற்று என்று சைதா வாசலிலேயே நின்றாள். மேற்கு வெயில் அவள் முக்காட்டின்மேல் விழுந்தது.

பிறகு உள்ளே போனாள். யாரும் தடுக்கவில்லை. கவுண்டரின் மறுகோடியில் ஓர் இடம் இருந்தது. அவள் கையை மடக்கி, அவர்கள் தட்டுகிற இடம் பார்த்து, தயங்கித் தயங்கி மரத்தில் தட்டினாள். ஒருமுறை. இன்னொரு முறை. தாளத்தில் சேராமல் அது தனியாக விழுந்தது.

கமால் உடனே நிமிர்ந்தார். அந்தத் தட்டலை அவருக்குத் தெரியும். வீட்டில் சோறு போட்டு வைத்துவிட்டு அவள் அப்படித்தான் மேசையைத் தட்டிக் கூப்பிடுவாள். கவுண்டர் நெடுகப் பார்வையை ஓட்டி அவளைக் கண்டார். சிரிப்பு போய்விட்டது. கோபமெல்லாம் இல்லை, வீட்டில் இருக்கும்போதுள்ள முகம் திரும்பி வந்தது, அவ்வளவுதான். மிச்சச் சாற்றைக் குடித்துவிட்டு எழுந்தார்.

"நேரமாயிருச்சா? வா, போலாம்."

இல்லை, உட்காருங்கள் என்று அவள் கையால் காட்டினாள். தலையை ஆட்டினாள். அவர் அதைச் சீக்கிரம் என்று எடுத்துக்கொண்டார். எல்லாருக்கும் சலாம் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டார்.

பாலத்தின் நடுவில் அவர் நின்றார். கீழே ஆறு அசையாமல் கிடந்தது. நெஞ்சில் இருந்ததை அவராகவே சொல்லத் தொடங்கினார், எதிரே ஆள் இருப்பதை மறந்துவிட்டது போல.

"காது போனப்போ எனக்குக் காது போன மாதிரியே இல்ல சைதா. நீங்கல்லாம் போயிட்ட மாதிரி இருந்துச்சு. நீ வீட்டுல நடக்கறே, வாயை அசைக்கறே. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடக்கற மாதிரி. அந்தப் பொம்பளை காலை வெச்சா பாரு, யாரோ இந்தப் பக்கம் வந்து பக்கத்துல உக்காந்த மாதிரி இருந்துச்சு."

"நான் இந்தப் பக்கம்தானே மச்சான் இருந்தேன்" என்றாள் சைதா.

அவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

யாங்கோனில் இறங்கியபோது மழை பிடித்திருந்தது. சொந்தக்காரர்கள் வந்து ஸ்பெயின் எப்படி என்று கேட்டார்கள். ஹுஸ்னா கூட்டிப்போய்க் காட்டிய குர்துபா நகரத்தின் பழைய பள்ளிவாசலைப் பற்றியும் ஆரஞ்சு மரங்களைப் பற்றியும் சைதா சொன்னாள். கமால் வழக்கம்போல நாற்காலிக்குப் போய்விட்டார். சாயங்காலங்களில் ஓடைப் பக்கம் போய்விட்டு வருவார். அங்கே அவர் தேடியது எதுவும் இல்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

அவர்கள் வீட்டுத் தரையும் பலகைதான். வெள்ளைக்காரன் காலத்துத் தேக்கு. ஒருநாள் அவர் உட்கார்ந்திருக்கையில் சைதா அடுப்படியிலிருந்து வந்து, பக்கத்தில் நின்று, புடவையைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தரையில் அடித்தாள். கணுக்கால் வலித்தது. அவர் திடுக்கிட்டுக் காலைத் தூக்கிக்கொண்டார்.

"எங்கே? எலியா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அடுப்படிக்குள் போய், அங்கே நின்று அழுதாள்.

ஜூலையில் ஒரு பிற்பகல் கரண்ட் போய்விட்டது. மழைக்கு முந்திய புழுக்கம். பாய்கூட விரிக்காமல் சைதா உள்ளறையில் வெறும் பலகையில் ஒருக்களித்துப் படுத்தாள். கன்னத்துக்குத் தேக்கு குளிர்ச்சியாக இருந்தது. கண் சொருகும்போது காதுக்கடியில் ஏதோ அசைந்தது. முன்னறையில் கமால் நடந்தார். நடை அவளுக்கு எவ்வளவோ பழக்கம்தான், ஆனால் இப்படிக் கேட்டதில்லை. இடது கால் கொஞ்சம் பாரமாக விழுகிறது. திரும்பும்போது ஒரு கணம் தயங்குகிறது. ஜன்னல்வரை போய் வந்தார். நின்றார். பிறகு ஒரு குதிகால் மெதுவாகத் தரையில் இறங்கியது. கொஞ்சம் விட்டு, இன்னொரு முறை, இன்னும் மெதுவாக. யாருக்கும் தெரியக்கூடாது என்பது போல.

எழுந்து போகலாமா என்று நினைத்தாள். போனால் நிறுத்திவிடுவார். உள்ளங்கையைப் பலகைமேல் விரித்து, மூச்சை அடக்கிக்கொண்டு அப்படியே கிடந்தாள். வெளியே முதல் தூறல் தகரக் கூரைமேல் விழுந்தது. அதற்கு அடியில், மரத்துக்குள், அவர் கால் மறுபடி இறங்கியது.