கேபிளைப் பிடுங்காதே, அக்கா!

லிஃப்ட் கம்பெனியின் கன்ட்ரோல் ரூமில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதன் திரை முழுக்கச் சின்னச் சின்னப் பச்சைக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் நகரத்தில் எங்கோ ஏறி இறங்கிக்கொண்டிருக்கும் ஒரு லிஃப்ட். பச்சை என்றால் நலம். சிவப்பு என்றால் உள்ளே யாரோ மாட்டிக்கொண்டு பெல்லை அழுத்துகிறார்கள். சாம்பல் என்றால் அங்கே என்ன நடக்கிறதென்றே தெரியாது. சிவப்பைவிடச் சாம்பல்தான் ஆபத்து.

அந்தக் கட்டங்களுக்குக் காவல், ஆபரேட்டர் அக்கா. மேனேஜர் முதல் வாட்ச்மேன் வரை எல்லாருக்கும் அவள் அக்காதான். ஆனால் கூடப் பிறந்த தம்பி ஒருவன்தான். அதே கம்பெனியில் நெட்வொர்க் பார்ப்பவன்.

அன்று காலையிலிருந்தே அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வெளியூர் ஹாஸ்டலில் படிக்கும் மகளுக்குப் பேச்சுப் போட்டியில் இறுதிச் சுற்று. பெற்றோர் வீடியோவில் பார்க்கலாம். மேடைக்கு எதிரே உள்ள பெரிய திரையில் பெற்றோரின் முகங்களும் தெரியும்.

"உன் மூஞ்சி தெரியலன்னா எனக்கு வாயே வராதும்மா. போன தடவை மாதிரி பாதியிலயே நின்னுடுவேன்" என்று மகள் முன்கூட்டியே சொல்லிவிட்டாள்.

போனில் பார்க்க வழியில்லை. கன்ட்ரோல் ரூமுக்குள் செல்போன் கூடாது. வாசலில் பூட்டி வைத்துவிட்டுத்தான் வர வேண்டும். கம்ப்யூட்டர்தான் கதி. அதற்குள்ளோ ஒரு சக்களத்திச் சண்டை.

லிஃப்ட்டுகளோடு பேசுவது கேபிள். அது கம்பெனி எல்லையைத் தாண்டாது. வெளியுலகத்தோடு பேசுவது வைஃபை. மெக்கானிக்குகளுக்கு வழி சொல்ல மேப் வேண்டுமே என்று தம்பி சமீபத்தில் செருகிவிட்டுப் போன யூஎஸ்பி குச்சி. இரண்டும் சேர்ந்து இருந்தால், கம்ப்யூட்டர் எதற்கெடுத்தாலும் கேபிளிடம்தான் ஓடும். கேபிள் கையை விரிக்கும். மேப் திறக்காது.

அக்கா இதற்குச் சுலபமாக ஒரு வழி வைத்திருந்தாள். மேப் வேண்டுமா, கேபிளைப் பிடுங்கு. பார்த்தாயிற்றா, செருகு. பிடுங்கிப் பிடுங்கி அதன் கொக்கியே உடைந்து, இப்போது அவளுடைய தலை கிளிப்தான் கேபிளைக் கழன்றுவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தது.

போன வாரம் அப்படிப் பிடுங்கிய நேரம் பார்த்து, எங்கோ ஒரு பெரியவர் லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டு பெல் அடித்தே ஓய்ந்துபோனார்.

மேனேஜர் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "பொண்ணு பேசறதைத் தாராளமா பாருங்கக்கா. ஆனா இன்னொரு தடவை கேபிளைப் பிடுங்கினீங்க, இந்த சீட்ல நீங்க இருக்க மாட்டீங்க."

"ரெண்டும் ஒண்ணா ஓடுற மாதிரி நான் வந்து பண்ணித் தர்றேன்" என்று தம்பி சத்தியம் செய்திருந்தான். போட்டி தொடங்கிவிட்டது. வீடியோ ஜன்னலில் வெறும் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. தம்பியைக் காணோம்.

திடீரென்று அலாரம் அலறியது. ஒரு கட்டம் சிவந்தது. பார்த்தாள். அவள் உட்கார்ந்திருக்கும் இதே கட்டடம்!

ஹெட்போனை மாட்டினாள். "கன்ட்ரோல் ரூம் பேசறேன். பயப்படாதீங்க. உள்ள எத்தனை பேர்?"

"நான் ஒருத்தன்தான்க்கா."

"டேய்... நீயா?"

"லிஃப்ட் கம்பெனி லிஃப்ட்டே நின்னு போச்சு. வெளிய சொல்லிடாத, மானம் போயிடும்."

மேஜை போனில் மெக்கானிக்கைக் கூப்பிட்டாள். பக்கத்துத் தெருவில் இருக்கிறேன், வந்துவிடுகிறேன் என்றார்.

"அடுத்தது நம்ம குட்டிதான்டா. நான் என்ன பண்ணுவேன்?" அவள் கை தன்னையறியாமல் தலை கிளிப்பை நோக்கி நகர்ந்தது.

"கேபிளைப் பிடுங்காத அக்கா! பிடுங்கினா நான் கத்தினாலும் உனக்குக் கேக்காது. நான் இங்கிருந்தே சொல்றேன், நீ பண்ணு. முதல்ல நெட்வொர்க் செட்டிங்கைத் திற."

"பாஸ்வேர்டு கேக்குதே."

"அது... வந்துக்கா..."

"சொல்லித் தொலைடா!"

"கோவிச்சுக்கக் கூடாது. 'அக்கா குறட்டை.' இடம் விடாம, இங்கிலீஷ் எழுத்துல."

"வெளிய வா, உனக்கு இருக்கு" என்று பல்லைக் கடித்தபடி அடித்தாள். திறந்தது.

"திறந்துச்சா? ரெண்டு வேலைக்கா. ஒண்ணு, லிஃப்ட் சம்பந்தப்பட்டதெல்லாம் கேபிள் வழியா போகணும்னு ஒரு பாதை எழுதணும். இன்னொண்ணு, கேட்வேன்னு ஒரு கட்டம் இருக்கும். ஊருக்கே நான்தான் வாசல்னு கேபிள் மாட்டி வச்சிருக்கற பொய் போர்டு அது. அதை அழிக்கணும். வரிசை மட்டும்..."

சமையலோ கம்ப்யூட்டரோ, சொல்லி முடிப்பதற்குள் அக்காவின் கை முந்திக்கொள்ளும். கேட்வே கட்டம் கண்ணெதிரே இருந்தது. அழித்தாள். ஓகே கொடுத்தாள்.

சுற்றிக்கொண்டிருந்த வட்டம் பட்டென்று மறைந்தது. மேடை தெரிந்தது. மேடையில் மகள்!

அதே நொடியில் பச்சைக் கட்டங்கள் ஒவ்வொன்றாகச் சாம்பலாக ஆரம்பித்தன.

"டேய்! எல்லாம் செத்துப் போச்சுடா!"

"அழிச்சுட்டியா? பாதையை முதல்ல எழுதணும்க்கா! நான் இதே பில்டிங்ல இருக்கறதால என் குரல் வருது. மத்த பில்டிங்குக்குப் போற வழியையே அடைச்சுட்ட!"

மகள் நிமிர்ந்து பெரிய திரையில் தேடினாள். அம்மாவின் முகத்தைக் கண்டுபிடித்தாள். முகம் மலர்ந்தது. "அவையோர்க்கு வணக்கம்" என்று ஆரம்பித்தாள்.

அக்கா ஒரே ஒரு தடவை அவளைக் கண்ணாரப் பார்த்தாள். அந்தச் சாம்பலுக்குள் இன்னொரு பெரியவர் பெல் அடித்துக்கொண்டிருந்தால்?

முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "பாதைக்கு என்ன நம்பர், சொல்லுடா."

தம்பி சொல்லச் சொல்ல அடித்தாள். ஒரு புள்ளி தவறினாலும் போச்சு. மகளின் குரல் தடுமாறியது. பிறகு நின்றேவிட்டது. பெரிய திரையில் அம்மா எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தால் பிள்ளை என்ன செய்யும்?

அக்கா திரும்பவில்லை. எண்களிலிருந்து கண்ணை எடுக்காமல், இடது கையைத் தூக்கித் தன் காதை இரண்டு தடவை தட்டிக் காட்டினாள். வீட்டில் அவள் அடுப்போடு போராடிக்கொண்டிருக்கும்போது மகள் கதை சொல்ல வந்தால் காட்டுகிற சைகை அது. கண்தான் அங்கே, காது உன்கிட்டத்தான், நீ சொல்லு.

குரல் மறுபடி வந்தது. முதலில் மெல்ல. அப்புறம் தெளிவாக.

"அடிச்சுட்டேன்டா."

"என்டர் தட்டு."

தட்டினாள். ஒன்று, இரண்டு, பிறகு கொத்துக் கொத்தாக, கட்டங்கள் பச்சைக்குத் திரும்பின. எங்கேயும் புதிதாகச் சிவப்பு இல்லை. அப்போதுதான் மூச்சு வந்தது. நிமிர்ந்து மகளைப் பார்த்தாள்.

"...ஆகவே, மனிதனுக்கு வால் இருந்திருந்தால் முதலில் அவதிப்படுவது என் மாமாதான். கதவு மூடுகிற கடைசி நொடியில்தான் அவர் லிஃப்ட்டுக்குள் பாய்வார். மாமா உள்ளே, வால் வெளியே!"

அரங்கம் அதிர்ந்து சிரித்தது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னக்கா சிரிப்பு? எனக்கு ஒண்ணும் கேக்கலையே!"

ஹெட்போனைக் கழற்றி, அதன் மைக்கை ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்தாள். வைஃபையில் வந்த மகளின் குரல், கேபிள் ஏறி லிஃப்ட்டுக்குள் இறங்கியது.

கொஞ்ச நேரத்தில் ஹெட்போனில் கதவை நெம்பும் சத்தம். "வாங்க தம்பி, வெளிய வாங்க" என்றது மெக்கானிக்கின் குரல்.

"அண்ணே, ரெண்டு நிமிஷம் சும்மா இருங்க. என் மருமக பேசிக்கிட்டிருக்கா."

"அப்படியா? கொஞ்சம் தள்ளி நில்லுங்க, நானும் கேக்கறேன்."

திரை முழுக்கப் பச்சை. ஒரே ஒரு கட்டம் மட்டும் இன்னும் சிவப்பு. அதை அணைக்க அக்கா அவசரப்படவில்லை.