கூடைக்காரியின் இடது கை

மத்லென், இறந்துபோன தம்பியின் கைகளுக்கு அடியில் ஒரு பழைய புகைப்படத்தைச் செருகிக்கொண்டிருந்தபோது, ஏரிக்கு அக்கரையிலிருந்து, சொந்தம் இல்லாவிட்டாலும் நெடுநாள் பழகிய அனியெஸ் ரொட்டியோடு வந்தாள். சபாத்தீஸ் மூன்று நாளாக முன்னறையில் சவப்பெட்டியில் கிடந்தான். அவனை ஒரு நிமிடம்கூடத் தனியே விடவில்லை, அது வழக்கம். இன்னும் ஒரு மணி நேரத்தில் தேவாலயத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள்.

படத்தில் கூம்புத் தொப்பி போட்ட ஒரு பெண் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். பின்பக்கம் அவர்கள் பழங்குடியின் பெயரோடு 'மிக்மாக் பெண்' என்பதற்கு மேல் ஒரு எழுத்தில்லை. பழைய படங்களில் இருப்பவர்களுக்குப் பெயர் தேடியே பாதி ஆயுளைக் கழித்த சபாத்தீஸ், தொப்பியின் மணிவேலையைப் பார்த்து, நம் கொள்ளுப்பாட்டி என்று அடித்துச் சொன்னான். அதே தொப்பி இவர்கள் வீட்டில் இருந்தது. படத்துக்கு வேறு பிரதி கிடையாது.

"அதை அவனோட புதைக்கப்போறியா?"

"அவன் ஆசைப்பட்டான்க்கா."

"தொப்பி உங்களுதுதான். முகம் எங்களுது."

மத்லெனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "சாவு வீட்டுல வந்து பேசுற பேச்சா இது?"

"படமெடுக்க வந்தவன் நல்ல தொப்பியா ஒண்ணு கிடைச்சா, எல்லார் தலையிலயும் அதையே மாட்டுவான். இடது கையைப் பாரு. கூடை பின்ன மரச் சிம்பு பிளக்கும்போது கோடாலி பட்டு சுண்டுவிரல் போயிடுச்சு. எங்க பாட்டி. நம்பலைன்னா அந்த மூக்கையும் பாரு, என் மூக்கையும் பாரு."

விரல் கூடைக்குப் பின்னால் மடங்கியிருக்கிறது என்று சபாத்தீஸ் சொல்லியிருந்தான். மத்லெனுக்கு அப்போதே சந்தேகம். ஆனால் அவன் சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லை.

"அவன் இருக்கும்போதே சொல்லியிருக்கலாமேக்கா."

"புதுப் பொண்டாட்டியைக் காட்டுற மாதிரி காட்டினான். எப்படிச் சொல்ல? எங்கம்மா கைக்குழந்தையா இருக்கும்போதே இவ போயிட்டா. பெத்தவ முகத்தைப் பாக்காமலே எங்கம்மாவும் போய்ச் சேந்துட்டா. இப்ப மறுபடியும் மண்ணுக்குள்ள போகப்போறாளேன்னுதான் வாயைத் திறந்துட்டேன்."

மத்லென் தம்பியின் விரல்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் படத்தை உருவினாள். அவனிடமிருந்து பிடுங்குவதுபோல் இருந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அனியெஸ் படத்தை வாங்கி உள்ளங்கையால் துடைத்தாள். பிறகு அதைச் சவப்பெட்டியின் பக்கம் திருப்பிப் பிடித்தாள்.

"அடேய் சபாத்தீஸ், இப்பவாவது விரலை ஒழுங்கா எண்ணுடா."

மத்லென் அழுகையோடு சிரித்துவிட்டாள். சொந்தக்காரர்களின் வரிசையில் போய் உட்கார்ந்து, பக்கத்து நாற்காலியில் கிடந்த தன் கோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அனியெஸ் அங்கே வந்து உட்கார்ந்தாள்.