ஆஸ்பத்திரிப் பெரட்டு

வேலுசாமி பெரியப்பாவுக்கு ஒரு பதில் வேண்டும். அப்பா இருக்கிறாரா, செத்துவிட்டாரா? என் தங்கச்சி ஷாமிளாவுக்குக் கல்யாணம் நிச்சயமான அன்றைக்கு, மாப்பிள்ளை வீட்டார் எங்கள் லயத்து வீட்டு வரிசையைத் தாண்டுவதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

"இருக்கான்னா கூட்டியாந்து மணவறையில நிறுத்துங்க. இல்லேன்னா கருமாதிய செஞ்சிட்டு, ஒங்கம்மா தாலிய கழட்டி ஓரமா நிக்கட்டும். ரெண்டும் இல்லாம பொட்டும் பூவுமா முன்னால நின்னா, நாளைக்கு அந்தப் புள்ளைக்கு ஒன்னுன்னா ஊரு என்னா பேசும்?"

ஊர் பேசவேண்டியதையெல்லாம் ஊருக்கு முன்னால் இவரே பேசிவிடுவார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நன்றாகக் கேட்டிருப்பேன். அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள். அம்மாவுக்கு அந்தக் கேள்வி புதிதில்லை. எட்டு வருஷமாக யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் அவளை எங்கே உட்கார வைப்பது என்று தெரியாமல் வாசலிலேயே யோசிப்பார்கள்.

அப்பா அழகமுத்து, குருவிட்டப் பக்கம் எங்கள் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டினவர். தொண்ணூற்றொன்றில் பேச்சை நிறுத்தினார். சண்டை இல்லை, சாராயம் இல்லை. ஒருநாள் வெட்டுக் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, லயத்துச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தவர் வேலைக்கு எழும்பவே இல்லை. யட்டியாந்தோட்டைக்கு மேலே, மேட்டில் இருந்த மனநோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அம்மா மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவிசாவளையில் பஸ் மாறிப் போவாள். பகல் சாப்பாட்டுக்குப் பிறகுதான் பார்க்க விடுவார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு, அவள் கொண்டுபோனதைத் தின்பார். ஒரு வார்த்தை பேசமாட்டார். தொண்ணூற்றேழில் ஒரு ஞாயிறு அம்மா போனபோது கேட் பூட்டியிருந்தது.

ஆஸ்பத்திரியை மூடிவிட்டார்களாம். எல்லாரையும் பஸ்ஸில் ஏற்றி வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்களாம். அந்த இடத்துக்குப் போனோம். இப்படி ஒரு ஆள் இங்கே வரவே இல்லை, அங்கேயே முன்னமே செத்திருப்பார் என்றார்கள். 'அங்கே' என்று சொல்லப்பட்ட இடத்தில் பதில் சொல்ல ஒரு மனுஷர் இல்லை. சிங்களத்தில் கேட்டேன், தமிழில் கேட்டேன், கத்தியும் கேட்டேன். நாளைக்கு வா என்பதை இரண்டு பாஷையிலும் கேட்டாயிற்று. ஒரு மனுஷனைத் தொலைத்துவிட்டு, தொலைத்தோம் என்று கூட ஒத்துக்கொள்ளாதவர்களிடம் என்ன பேசுவது?

பெரியப்பா கேட்ட பிறகு மறுபடி தேடியதில், கடைசியாகக் கிடைத்தவர் நிலாம் நானா. யட்டியாந்தோட்டைக் கடைத்தெருவில் பேக்கரி வைத்திருக்கிறார். அந்த ஆஸ்பத்திரிக்கு தினம் விடியற்காலையில் பாண் கொண்டுபோய்க் கொடுத்தவர் அவர்தான். செத்தவர்களைப் புதைத்த இடம் தெரியும், காட்டுகிறேன் என்று தன் திரீவீலரில் ஏற்றிக்கொண்டார். போகிற வழியெல்லாம் நான் அப்பாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனேன். ஒல்லியான ஆள், பேசாத ஆள், குனிந்த தலை நிமிராத ஆள்.

"பேசாத ஆள் எண்டா கனபேர் ஈந்தாங்க மகள்," என்றார். 'இருந்தாங்க' என்பது அவர் பேச்சில் 'ஈந்தாங்க'.

புதைத்த இடத்தில் இப்போது யாரோ ரப்பர் கன்று வைத்திருந்தார்கள். கல் இல்லை, மேடு இல்லை. ஒரே சீராகக் கன்றுகள். எந்தக் கன்றின் கீழே என்று கேட்பது? காலில் ஏறிய அட்டைகளைப் பிய்த்துப் போட்டுவிட்டு, கட்டடத்தையாவது பார்த்துவிட்டுப் போகலாம் என்று நடந்தேன்.

கதவு ஒன்றுகூட இல்லை. ஜன்னல் கம்பிகளையும் அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஆண்கள் வார்டில் மாட்டுச் சாணமும் சாராயப் போத்தல்களும் கிடந்தன. கட்டில் கால் தேய்த்த தடங்கள் மட்டும் சிமெந்துத் தரையில் வரிசையாக இருந்தன. இதில் எது அப்பாவினது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். தடத்தைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்க நான் என்ன போலீஸ் நாயா? எனக்கே என் மேல் எரிச்சல் வந்தது.

நிலாம் நானாவுக்கு மட்டும் அந்த வெறும் வார்டு நிறைய ஆட்கள் தெரிந்தார்கள்.

"இந்த மூலையிலதான் மாணிக்கக்கார மாத்தயா ஈந்த. ரத்தினபுரி ஆள். சோத்துல தண்ணி ஊத்தி, பீங்கான வட்டமா சுத்திச் சுத்தி அலசுவார். மாணிக்கக் கிடங்குல கல்லு அரிக்கிய மாதிரி. ஒரு நாள் ஒரு பருக்கைய எடுத்து எனக்குத் தந்து, வித்துப் போடாதங்க நானா, நல்ல நீலம் எண்டார்."

அதைச் சொல்லிச் சிரித்தார். கண்ணையும் துடைத்துக்கொண்டார். பிறகு பெண்கள் வார்டு. அங்கே றுகையா என்று ஒருத்தி, நோன்பு முடிந்தாலும் முடியாவிட்டாலும் தினம் பெருநாள் என்று எல்லாருக்கும் ஸலாம் சொல்லிக் கட்டிப்பிடிப்பாளாம். ஒரு சிங்கள டீச்சர், பாண் துண்டுகள் ஒரே அளவில் இல்லையென்று இவரை முழங்காலில் நிற்கச் சொல்வாளாம். இவரும் நின்றாராம்.

நல்ல மனுஷர்தான். ஆனால் நான் மாணிக்கக்காரரைத் தேடி இரண்டு பஸ் ஏறி வரவில்லை. ஊரில் உள்ள எல்லாப் பைத்தியமும் நினைவிருக்கிறது, என் அப்பா மட்டும் நினைவில்லையா?

"நானா, எங்கப்பாவ ஒங்களுக்கு நெனவே இல்லையா? நல்லா யோசிங்க."

"யோசிக்கியன் மகள். தோட்டத்து ஆள் எண்டா எனக்கு கங்காணிதான் நெனவு வார."

"எங்கப்பா கங்காணி இல்லீங்க. கங்காணிகிட்ட ஏச்சு வாங்குன ஆளு."

அவர் நான் சொன்னதைக் காதில் வாங்காமல் முற்றத்தைக் காட்டினார்.

"விடிய நான் பாண் பெட்டியோட வந்தா, இந்த எடத்துல எல்லாரும் வரிசையா நிப்பாங்க. கங்காணி பெரட்டுப் போடுவார். அவரும் நோயாளிதான். பேர் கூப்பிட்டு, நீ நாலாம் நம்பர் மலை, நீ வாளி கழுவு எண்டு வேல பிரிப்பார். டொக்டர்மாருக்கும் லேசு. வரிசையா நிக்கக்குள்ள மருந்த குடுத்துருவாங்க. பிந்தி வந்தா அரைப்பேர்தான். ஒரு நாள் எனக்கும் அரைப்பேர் போட்ட."

தோட்டத்தில் காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிப்பதுதான் பெரட்டு. பிந்தினால் அரைநாள் கூலி, அரைப்பேர். எனக்கு இப்போது சிரிப்பு வந்தது.

"அதுல ஒரு புதினம்," என்றார் நானா. "அவர் கூப்பிடுற பேர் ஒண்டும் இங்க உள்ள ஆக்கள்ட பேர் இல்ல. எல்லாம் தோட்டத்துப் பேர். இருளாயி எண்டா றுகையா கை தூக்குவா. சுப்பம்மா எண்டா சிங்களப் பொம்புள டிங்கிரி மெனிக்கே, 'இருக்கேங்க' எண்டு தமிழ்ல செல்லுவா. கடைசியில நான் மெனிக்கே எண்டு கூப்பிட்டா அவக்கு கோவம் வரும். நான் சுப்பம்மாதானே எண்டு சண்டைக்கி வருவா."

எனக்குச் சிரிப்பு நின்றது. இருளாயி எங்கள் பக்கத்து வீட்டு அத்தை. சுப்பம்மா என் அம்மா.

"நானா, அந்தக் கங்காணிக்கு எடது கையில சுண்டுவெரல் இருந்துச்சா?"

அவர் தன் விரலை மடக்கிப் பார்த்து யோசித்தார். "பாதிதான் ஈந்த. கத்தி பட்டதெண்டு செல்லுவார்."

அப்பாவுக்கு வெட்டுக் கத்தி பாதி கொண்டுபோன விரல் அது. பேசாத ஆளை எட்டு வருஷமாகத் தேடியிருக்கிறோம். போன இடமெல்லாம், வாயே திறக்கமாட்டார் என்று நாங்களே அடையாளம் சொல்லியிருக்கிறோம். அவரோ இங்கே ஒவ்வொரு காலையும் தொண்டை கிழியப் பேர் கூப்பிட்டிருக்கிறார். பகலுக்கு மேல் வருகிற அம்மாவுக்கு அது எப்படித் தெரியும்?

"அவர் எப்ப செத்தாரு?"

"செத்தா? யாரு சொன்ன? பஸ் வந்த அண்டைக்கி நல்லா ஈந்தாரே."

அந்தக் காலையை நானா ஒரு பிசகில்லாமல் சொன்னார். ஆட்களை ஏற்ற வெளியூரிலிருந்து புது ஆட்கள் வந்திருந்தார்கள். நோயாளிகள் பஸ்ஸில் ஏறப் பயந்து அழுதார்கள். அப்பா பஸ் வாசலில் நின்று பெரட்டுப் போட்டார். பேர் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராக ஏறினார்கள். வந்தவர்களில் பெரிய அதிகாரி அவரை ஆஸ்பத்திரிச் சிப்பந்தி என்றே நினைத்து, "ஒக்கொமத?" என்று கேட்டார். எல்லாரும் ஏறியாச்சா?

"ஒக்கொம ஹரி மாத்தயா," எல்லாரும் சரி ஐயா என்று சொல்லி அப்பா பஸ்ஸைத் தட்டினார். பஸ் போனது.

"அவரு ஏறலையா?"

"இல்ல. நானும் கேட்ட, நீங்க போகல்லையா எண்டு. ஆள் முன்னுக்குப் போகோணும், கங்காணி பின்னால வருவார் எண்டார். நான் ரெண்டு பாண் குடுத்த. அவர் பஸ் போன பாதையில நடந்து போன. சிப்பந்திமார் கூட்டிக்கொண்டு போவாங்க எண்டு நெனச்சன் மகள்."

எங்கள் தோட்டத்தில் அப்படித்தான். ஆட்கள் முன்னால் மலையேறுவார்கள், கங்காணி ஒருத்தரும் பின்தங்காமல் பார்த்துக்கொண்டு கடைசியில் வருவார். வாழ்நாள் முழுக்க முன்னால் நடந்த மனுஷன், ஒரே ஒரு தடவை பின்னால் நடக்க ஆசைப்பட்டிருக்கிறார். அங்கே போய்ச் சேர்ந்த பஸ்ஸிலும் ஒரு ஆள் குறைகிறதே என்று ஒருத்தரும் தேடவில்லை. யார் மேல் கோபப்படுவது? பாண் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போன இந்த மனுஷர் மேலா? திரும்பும்போது வழியெல்லாம் நானாவிடம் மூஞ்சியைக் காட்டிக்கொண்டே வந்தேன். அவர் ரெண்டு மூன்று தடவை, "மன்னிச்சிக்கோங்க மகள்" என்றார்.

வீட்டில் பெரியப்பா பதிலுக்காக உட்கார்ந்திருந்தார். நான் அம்மாவைப் பார்த்தே எல்லாவற்றையும் சொன்னேன். பெரட்டை, பேர்களை, பஸ்ஸை. முடித்ததும் பெரியப்பா தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"இத்தன வருஷம் ரோட்டுல போன ஆளு உசுரோடயா இருக்கப்போறான்? போயும் ஒரு முடிவு இல்லாம வந்திருக்க. கருமாதிக்கு நாள் பாப்போம்."

"வேணாங்க மாமா," என்றாள் அம்மா. அவர் முன்னால் அவள் இவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. "செத்தத பாத்தவங்க வந்து சொல்லட்டும், அப்ப கழட்டுறேன். எம் புள்ள கல்யாணத்துல நான்தான் முன்னால நிப்பேன். புடிக்காதவங்க வராம இருக்கட்டும்."

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். கல்யாணத்துக்கு வருவாரோ மாட்டாரோ, அப்போது எனக்கு அது பெரிதாகப் படவில்லை.

அம்மா குசினிக்குள் போனாள். தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டப் போனவள், ஈர விறகை வைத்துக்கொண்டு ஊதிக்கொண்டே இருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் குந்தினேன். அழுவாள் என்று நினைத்தேன். அவளுக்கு முகமெல்லாம் கோபம்.

"அந்தச் சிங்களத்தி, எம் பேரச் சொன்னா இருக்கேங்கன்னு சொல்லுவாளாமா?"

"ஆமாம்மா."

"ஆறு வருஷம். மாசா மாசம் சோறு கட்டிக்கிட்டு போயி அந்த ஆளு முன்னாலயே ஒக்காந்திருந்தேன்டி." ஊதுகுழலைத் தரையில் போட்டாள். "ஒரு தடவ கூப்பிட்டிருந்தா, நான் இருக்கேன்னு சொல்லியிருக்க மாட்டேனா?"

நான் ஊதுகுழலை எடுத்து ஊத ஆரம்பித்தேன். விறகு பிடிக்கவில்லை.