உள்ளே வைத்துப் பூட்டுவது

இன்று மாலை வகுப்புக்குக் கிளம்பும்போது அப்பாவை உள்ளே வைத்து வீட்டைப் பூட்டினேன். பூட்டை இழுத்துப் பார்த்தேன். படியிறங்கியதும் சந்தேகம் வந்து, ஏறிப்போய் மறுபடி இழுத்துப் பார்த்தேன். அடுப்பை அணைத்தது நினைவிருந்தது. ஆனால் அது இன்று அணைத்ததா, நேற்று அணைத்ததா என்று வழியெல்லாம் குழம்பினேன்.

போன வாரம் அப்பா, ஓய்வு பெற்றதையே மறந்து, பழைய பஸ் டிப்போவுக்கு வேலைக்குப் போய்விட்டார். அதிலிருந்து எங்களில் ஒருவர் எப்போதும் வீட்டில் இருக்கிறோம். இன்று அண்ணனால் வர முடியவில்லை. ஆலையிலிருந்து அம்மா வருவதற்குள் திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். அம்மாவிடம் சாவி கிடையாது. இரண்டாவது சாவியை அப்பா எங்கேயோ தொலைத்துவிட்டார்.

இன்றைய பாடம், அடைப்பது, சூழ்வது, கட்டுப்படுத்துவது பற்றிய ஆங்கில வினைச்சொற்கள். எங்கள் டீச்சருக்கு எந்தச் சொல்லையும் நடித்துக் காட்டினால்தான் திருப்தி. 'சரவுண்ட்' என்றதும் நான்கு பேர் எங்களோடு படிக்கும் தையற்கார அக்காவைச் சுற்றி நின்றார்கள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கப்பா, மூச்சு முட்டுது."

"அப்ப இந்தச் சொல்லு நல்லாப் புரிஞ்சிருச்சு," என்றார் டீச்சர்.

'என்க்ளோஸ்' என்பதற்கு பெஞ்சுகளை இழுத்து வேலி கட்டினோம். 'கன்ஃபைன்' என்பதற்கு எதிரே, 'ஒருவரை ஓர் இடத்தைவிட்டு வெளியேற விடாமல் வைத்திருப்பது' என்று எழுதினேன்.

அடுத்தது 'லாக் இன்', உள்ளே வைத்துப் பூட்டுவது. வகுப்பிலிருக்கும் லாரிக்கார அண்ணன் வெளியே போய்த் தாழ்ப்பாளைப் போட்டார்.

"டீச்சர், இனிமே எல்லாரும் என் கஸ்டடி!"

நாங்கள் சிரித்துக்கொண்டிருக்கும்போதே கீழே ஹாரன் அலறியது. "ஐயையோ, என் வண்டிதான் வழிய மறிச்சிட்டு நிக்குது!" என்ற குரலோடு காலடிச் சத்தம் தடதடவென்று படியில் இறங்கியது. அவருடைய போன் பெஞ்சின்மேல் கிடந்தது. ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தேன். லாரி தெருமுனையில் திரும்பி மறைந்தது.

டீச்சர் கதவைத் தட்டினார். கட்டடத்தில் வேறு யாரும் இல்லை. என் பையில் வீட்டுச் சாவி கனத்தது.

"என்ன பாப்பா, முகமே வெளிறிப்போச்சு?" என்றார் அக்கா.

"அப்பாவ வீட்ல வச்சுப் பூட்டிட்டு வந்திருக்கேன்க்கா. அவருக்கு மறதி."

அக்கா உடனே செருப்பைக் கழற்றி ஜன்னல் கம்பியில் அடித்துக்கொண்டே தெருவைப் பார்த்துக் கத்தினார். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. இருட்டத் தொடங்கிய பிறகுதான் லாரிக்கார அண்ணன் வந்தார்.

"வண்டி நிறுத்த இடம் தேடித் தெருத்தெருவா…"

"முதல்ல கதவத் தொறய்யா!" என்று கத்தினார் அக்கா.

ஓடினேன். தூரத்திலேயே தெரிந்தது, எங்கள் வீட்டுக் கதவு திறந்து கிடந்தது.

உள்ளே அம்மா தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். எதிரே அப்பா கோபமாக உட்கார்ந்திருந்தார்.

"ஏம்மா, இவள எதுக்கு வெளிய வச்சுப் பூட்டிட்டுப் போன? பாவம், வேலை முடிஞ்சு வந்து வாசல்ல நிக்கிறா."

நடந்ததை அம்மாதான் சொன்னாள்.

"ஜன்னல் வழியா என்னைப் பாத்தாரு. சட்டைப் பைல கைய விட்டுச் சாவிய எடுத்து நீட்டுனாரு. அலமாரியத் தலகீழாக் கவுத்துத் தேடுனோமே, அதே சாவிடி."

"அப்ப, தெருவுல போறவங்க யார்கிட்டயாவது குடுத்துத் தொறக்கச் சொல்லியிருந்தா?"

மேசைமேல் இருந்த சாவியை நான் எடுக்கப்போனேன். அப்பா கையை நீட்டினார்.

"குடு இங்க. உனக்கு மறதி ஜாஸ்தி. நாளைக்கும் யாரையாவது வெளிய வச்சுப் பூட்டிருவ."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன் என்றுதான் நினைக்கிறேன். அவர் சாவியை வாங்கிப் பையில் போட்டு, மேலே தட்டிப் பார்த்துக்கொண்டார், நான் பூட்டை இழுத்துப் பார்ப்பதுபோல.

எங்கள் அண்ணன் வீட்டுக்கு வரும்வரை இனி வகுப்புக்குக் கிளம்பமாட்டேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். சாவி அப்பாவின் பையிலேயே இருக்கிறது. அடுப்பும் அணைந்துதான் இருந்தது. இதை எழுதும்போதே இரண்டையும் ஒருமுறை எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.