பெனிட்டா போட்ட ஒரு ஸ்டார்

செக்காலை ரோட்டில் புதிதாகத் திறந்திருந்த மெக்சிகன் கடைக்குப் பெனிட்டா தன் மகளைக் கூட்டிக்கொண்டு போனது ஒரு சனிக்கிழமை மதியம். வகுப்பில் எல்லாரும் போய்ச் சாப்பிட்டாகிவிட்டது என்று மகள் ஒரு மாதமாக நச்சரித்துக்கொண்டிருந்தாள். பில் போடும்போது போன் நம்பர் கேட்டார்கள். தெரியாதவர்களுக்குத் தன் நம்பரைக் கொடுக்கும் பழக்கம் பெனிட்டாவுக்கு இல்லை. கணவன் ஃபெலிக்ஸின் நம்பரைச் சொன்னாள்.

முக்கால் மணி நேரம் கழித்துப் பரிட்டோ வந்தது. பெரிய சப்பாத்திக்குள் சோறும் ராஜ்மாவும் கோழியும் வைத்துச் சுருட்டியிருந்தார்கள். சோறு ஆறிப்போயிருந்தது. பாதி தின்றிருந்த மகள் திடீரென்று மெல்லுவதை நிறுத்தி, வாயிலிருந்து எதையோ இழுத்தாள். பிளாஸ்டிக் கையுறையின் விரல் நுனி.

பெனிட்டா அதைக் கவுண்டரில் கொண்டுபோய்க் காட்டினாள். அங்கே நின்ற பெண் அதை வாங்கிக் குப்பையில் போட்டுவிட்டு, "வேற தரவா மேடம்? இருபது நிமிஷம் ஆகும்" என்றாள். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் பெனிட்டா கூகுளில் ஒரு ஸ்டார் போட்டு, நடந்ததை நடந்தபடி ஆறு வரி எழுதினாள். பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்துகிறவள். ஒரு கடுஞ்சொல் எழுதவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பார்த்தால் அந்த ஆறு வரியைக் காணோம்.

"நான்தான் எடுத்தேன்" என்றான் ஃபெலிக்ஸ். "கடை ஓனர் ஸ்ரீதர் நேத்து ஆபீஸ் நேரத்துல போன் பண்ணுனாரு. 'சார், நீங்க சொன்னா வீட்டுல கேப்பாக'ன்னு ரொம்பத் தன்மையாப் பேசுனாரு. காலையில நீ குளிக்கப் போனப்ப உன் போன்ல அழிச்சுட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீகளா?"

"கேட்டா நீ விடமாட்ட."

அந்தப் பிளாஸ்டிக் பிள்ளையின் தொண்டையில் சிக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இரண்டு ஆண்களில் ஒருவர்கூட யோசிக்கவில்லை.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே கடைக்குப் போனாள். முப்பது வயதிருக்கும் ஸ்ரீதருக்கு. விஷயத்தைச் சொன்னதும் நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"உக்காருங்க மேடம். பிள்ளைக்கு ஒரு காம்போ ஃப்ரீயாத் தந்து விடுறேன்."

"காம்போ கேட்டு வரல. எழுதுனது நான். போனை எங்க வீட்டுக்காரர் எடுத்தா, என்கிட்ட பேசணும்னு சொல்லாம அவர்கிட்ட எதுக்குப் பேசுனீக?"

"லேடீஸ்கிட்ட நேரடியாப் பேசுனா தப்பா எடுத்துக்கிருவாகன்னுதான். மரியாதைக்குத்தான் மேடம்."

"காசு மட்டும் லேடீஸ்கிட்ட நேரடியா வாங்குனீகள்ல? பில்லுக்குக் கொடுத்த நம்பரை வச்சு வீட்டுக்குள்ள பஞ்சாயத்து பண்றது என்ன மரியாதை? மன்னிச்சுக்கங்க, இனிமே கையுறையைப் பாத்துக்கிறோம்னு என்கிட்ட சொல்லியிருந்தா நானே எடுத்திருப்பேன்."

பக்கத்து மேசையில் இருந்த கல்லூரிப் பெண்கள் தின்பதை நிறுத்திவிட்டுத் தங்கள் தட்டுகளைக் கிளறிப் பார்த்தார்கள்.

அவன் இழுத்துப் போட்ட நாற்காலியிலேயே உட்கார்ந்து பெனிட்டா மறுபடியும் எழுதினாள். அதே ஆறு வரி. அதன் கீழே, ஓனர் யாருக்குப் போன் செய்தார், என்ன சொன்னார் என்று இன்னும் நான்கு வரி. பதிவிட்டு அவனிடம் காட்டிவிட்டு எழுந்து வந்தாள்.

வீட்டில் நான்கு நாள் பேச்சு ஒட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து மகளை நடுவில் உட்காரவைத்துப் பைக்கில் வரும்போது, ரோட்டைப் பார்த்தபடியே ஃபெலிக்ஸ் சொன்னான்.

"நான் செஞ்சது தப்புத்தான்."

"என் முகத்தைப் பாத்துச் சொல்லுங்க" என்றாள் பெனிட்டா.

கொஞ்ச தூரம் ஓட்டினான். பிறகு ஒரு வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தி இறங்கி, அவளைப் பார்த்துச் சொன்னான்.