முதலாளி தோய்த்த ஜேர்சிகள்

சிலாவத்துறை பவ்ஸான் முதலாளி கருவாட்டு வியாபாரத்தில் பேரெடுத்தவர். புதிதாகத் தொடங்கிய உதைபந்தாட்ட லீக்கில் மன்னாருக்கென்று ஒரு அணியை ஏலத்தில் எடுத்தபோது, இதுவும் கருவாடு மாதிரித்தான், நல்ல சரக்காகப் பார்த்துச் சேர்த்தால் போதும் என்று நினைத்துவிட்டார். நல்ல சரக்கைத்தான் சேர்த்தார். ஆனாலும் அவருடைய அணி முத்துக்குளி எப்.சி. தோற்றுக்கொண்டே இருந்தது.

முசலிப் பக்கத்துப் பொடியன்கள் முசலிப் பொடியன்களுக்கே பந்து கொடுத்தார்கள். மன்னார்த் தீவுக்காரர் தீவுக்காரரைத் தேடினார்கள். அடம்பன் பக்கத்து ஆட்கள் யாருக்கும் கொடுக்காமல் தாங்களே கொண்டு ஓடினார்கள். பயிற்சிக்கு ஆளுக்கொரு நேரம். சாப்பாட்டுக்கு மட்டும் எல்லாரும் ஒரே நேரம், ஆனால் மூன்று மேசை.

அந்த நேரத்தில்தான் முதலாளி கொழும்பில் ஒரு கூட்டத்துக்குப் போனார். கோட்டுப் போட்ட ஒருவர் அங்கே, அணியை வெல்ல வைப்பது ஆட்கள் இல்லை, கல்ச்சர் என்றார். முதலாளி மன்னார் வந்துசேரும்வரை அந்தச் சொல்லை வாய்க்குள் போட்டுச் சப்பிக்கொண்டே வந்தார்.

"எங்கட டீமுக்கு ஒரு கல்ச்சர் வேணும்" என்றார் மைதானத்தில் எல்லாரையும் நிற்பாட்டி.

"அது எங்க விக்குது, முதலாளி?" என்று கேட்டான் கப்டன் பிரசாந்தன். அவன் அடம்பன்காரன். சிரிக்காமல் பகிடி விடுவான்.

முதலாளி காதில் விழாத மாதிரி சட்டத்தைச் சொன்னார். பயிற்சி காலை ஆறு மணிக்கு. கடைசியாகப் பிந்தி வாறவர் முழு டீமின்ர ஜேர்சியையும் வீட்ட கொண்டுபோய்த் தன்ர கையால தோய்க்க வேணும். ஆராயிருந்தாலும் சரி. இந்தக் கடைசி வசனத்தைச் சொன்னபோது அவர் முன்னணி ஆட்டக்காரன் இன்ஸாபைத்தான் பார்த்தார். நித்திரையில் அவனை வெல்ல மன்னாரிலேயே ஆளில்லை.

அடுத்த நாள், சட்டம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க முதலாளி வெள்ளெனவே வெளிக்கிட்டார். பாலம் தாண்டி ரவுணுக்குள் வர, ஒரு கழுதைக் கூட்டம் ரோட்டை மறித்து நின்றது. ஹோண் அடித்தார். அதுகள் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. இறங்கிக் கும்பிடாத குறையாகக் கேட்டுத்தான் வழி எடுத்தார். மைதானத்துக்குள் அவருடைய வாகனம் நுழைந்தபோது ஆறு மணி தாண்டிவிட்டது, முழு டீமும் ஓடிக்கொண்டிருந்தது. இன்ஸாப் முன்னுக்கு ஓடினான்.

ஓட்டம் நின்றது. பயிற்சியாளர் மார்த்தா மிஸ் பேசாலையில் விளையாட்டு ரீச்சராக இருந்தவர். அவருக்கு விசிலே தேவையில்லை, அப்படி ஒரு குரல். அந்த மார்த்தா மிஸ்ஸே குரலைத் தாழ்த்தி, "முதலாளி, நீங்கள் ஆட்டக்காரர் இல்லைத்தானே. சட்டம் உங்களுக்கில்லை" என்றார்.

அப்பாடா என்று இருந்தது முதலாளிக்கு. ஓம் என்று சொல்ல வாயெடுத்தவர், இன்ஸாபின் முகத்தைப் பார்த்தார். அதில் மெல்ல ஒரு சந்தோசம் ஏறிக்கொண்டிருந்தது. நாளைக்கு ஆறரைவரை படுக்கலாம் என்ற சந்தோசம்.

"எங்க அந்த ஜேர்சி பேக்?" என்றார் முதலாளி.

வீட்டில் மனைவி முஸ்பிரா மூட்டையை மணந்து பார்த்துவிட்டு, சலவை மெஷினுக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். "இந்தச் சேத்தை என்ர மெஷினுக்க போட விடமாட்டன். கையால எண்டு சட்டம் போட்டது நீங்கள்தானே?"

கிணற்றடியில் குந்தியிருந்து தோய்த்தார். இடுப்புப் பிடித்துவிட்டது. பிழிந்து முடிக்க மழை தொடங்கிற்று. வீட்டுக்குள் விரிக்க முஸ்பிரா விடவில்லை. விடிந்தால் ஆட்டம். கூரை போட்ட பெரிய இடம் அவருக்கு ஒன்றுதான் தெரியும்: தன்னுடைய கருவாட்டு வாடி. சீலாவுக்கும் திருக்கைக்கும் மேலே கொடி கட்டி, ஜேர்சிகளை வரிசையாக விரித்தார். மணம் அவருக்குத் தெரியவில்லை. முப்பது வருஷமாக அந்த மணத்துக்குள்தானே இருக்கிறார்.

அடுத்த நாள் உடுப்பு மாற்றும் அறையில் முதலில் ஜேர்சிக்குள் தலையை விட்டது பிரசாந்தன். தலை வெளியே வரவில்லை. உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது: "முதலாளி, கல்ச்சர் வந்திட்டுது."

முதலில் சிரித்தது யார் என்று தெரியாது. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மார்த்தா மிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போடுங்கோடா, வேற செற் இல்லை" என்றார்.

எதிரணி மட்டக்களப்பு வாவி யுனைட்டட். அவர்களுடைய பின்வரிசைக்காரர் ஒருவர் முதல் கோணர் உதைக்கே நடுவரிடம் ஓடினார். "சேர், இவங்களுக்குக் கிட்ட நிக்க ஏலாது!" நடுவர் விசாரிக்க வந்தார், பாதியில் நின்றார், தூர நின்றே ஆட்டத்தைத் தொடரச் சொன்னார். கோணர் வந்தது. இன்ஸாபைச் சுற்றி ஒரு மனிதர் இல்லை. சாவகாசமாகத் தலையால் இடித்தான். கோல்! முசலியும் தீவும் அடம்பனும் ஒன்றுக்கு மேல் ஒன்று விழுந்தன. வேறு யார்தான் அவர்களைக் கட்டிப்பிடிக்கப் போகிறார்கள்?

இரண்டாம் பாதியில் வாவிக்காரருக்கு மூக்குப் பழகிவிட்டது. இரண்டு கோல் போட்டு அவர்களே வென்றார்கள்.

திரும்பும் வழியில் சாப்பாட்டுக் கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டு, "தம்பிமார், வெளியில இருங்கோ" என்றார். வெளியே கிடந்தது ஒரேயொரு நீட்டு மேசை. நெருக்கி இருந்தார்கள். யாருடைய பிழையால் தோற்றோம் என்ற வழமையான கதை அன்று எழவில்லை. முதலாளி தயங்கித் தயங்கி நின்றார். பிரசாந்தன் தள்ளி இருந்து இடம் விட்டான். "இருங்கோ முதலாளி. உங்களுக்குத்தான் மணக்காதே."

தோற்ற கவலையோடு இருந்தாலும், கொத்துரொட்டி வரும்முன் முதலாளியும் சிரிக்கத் தொடங்கிவிட்டார்.

அடுத்த கிழமை இன்ஸாப் பிந்திவிட்டான். பயிற்சி முடிய அவனே போய் பேக்கைத் தூக்கினான். ஈர ஜேர்சிகளின் பாரத்தில் ஒரு பக்கம் சரிந்தான். பிரசாந்தன் பேக்கின் மற்றக் காதைப் பிடித்துக்கொண்டான். இருவரும் வாசல் படலைப் பக்கம் நடந்தார்கள், எதையோ பற்றிச் சண்டை பிடித்துக்கொண்டு.

முதலாளிக்கு ஏதாவது பெரிதாகச் சொல்லவேண்டும் போல் இருந்தது. கொழும்பில் கேட்டதெல்லாம் நினைவுக்கு வந்தது. கடைசியில், "டேய், தோய்க்கச் சவுக்காரம் இருக்கோ?" என்று மட்டும் கத்தினார்.