பின்னால் ஒரு ஸ்பீக்கர்

மருமகனுக்குப் படம் பார்க்க ஹோம் தியேட்டர் வேண்டும். மாமியாருக்குப் பாட்டுக் கேட்க, முன்னால் இரண்டே ஸ்பீக்கர் வைத்த ஹை-ஃபை போதும். இருவரும் பிடித்த பிடியை விடவில்லை. கடைசியில் கடைக்காரரே இரண்டையும் வீட்டுக்குக் கொண்டுவந்து, முதலில் ஹை-ஃபையைப் போட்டுக் காட்டினார்.

மாமியார் கண்ணை மூடிச் சொக்கிப்போயிருந்தார். பாட்டின் நடுவே சோபாவுக்குப் பின்னாலிருந்து யாரோ மெல்லத் தொண்டையைச் செருமினார்கள். மூவரும் திரும்பினார்கள். வெறும் சுவர்தான்.

"பாட்டுலயே இருக்குமோ?" என்றான் மருமகன்.

"ஸ்பீக்கர் ரெண்டும் முன்னாடிதானே சார் இருக்கு?" கடைக்காரர் முகம் வெளுத்துப் பாட்டை நிறுத்தினார். அந்த அமைதியில் மறுபடியும் செருமல் கேட்டது, இன்னும் பக்கத்தில்.

மாமியார் எழுந்து ஒயரைப் பிடுங்கினார். "மாப்பிள்ளை, உங்க ஹோம் தியேட்டரையே வாங்கிடுங்க."

"ஏன் அத்தை, உங்க பாட்டு?"

"ஹோம் தியேட்டர்லதான் பின்னாடியும் ஸ்பீக்கர் இருக்கு. சத்தம் வந்தா அதுலேருந்து வருதுன்னு நினைச்சுக்கலாம்."

அன்றே மாட்டிவிட்டார்கள். இப்போது குடும்பமே உட்கார்ந்து படம் பார்க்கிறது. திரையில் ஆளே இல்லாத காட்சியிலும் பின்னால் செருமல் கேட்கும். "சவுண்டு பிரமாதம்ல!" என்று மருமகன் கொஞ்சம் உரக்கவே சொல்வான். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.